மருந்து தொடாத கோழிகள்

பேக்கரிக்காரம்மா கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டியபோது, முட்டை கொடுக்க வந்திருந்த மாப்பிள்ளை அதைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது அவருடைய பழக்கம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். பதில் முடிந்த பிறகுதான், கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று சில சமயம் யோசிப்பார்.

"அது ஒண்ணுமில்லைங்க. மஞ்சள் கருவை நடுவுல பிடிச்சு நிறுத்துற நார். எல்லா முட்டையிலயும் இருக்கும். சில பேரு பார்த்துட்டுப் பயந்துடுறாங்க. உண்மையில அந்த நார் தடிப்பா இருந்தா முட்டை ரொம்பப் புதுசுன்னு அர்த்தம்."

"இவ்வளவு தடிப்பாவா?"

"அவ்வளவு புதுசு."

அப்போதுதான் நார் நெளிந்தது.

அவசரமில்லாமல், தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல நெளிந்தது. வெள்ளை நிறம். விரல் நீளம். இரண்டு முனையும் கூராக இருந்தன. பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். மாப்பிள்ளை, "இது ரொம்ப அபூர்வம்ங்க" என்றார். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற பரிசு அந்தம்மாவுக்குக் கிடைத்திருப்பதுபோல ஒரு குரல்.

"அண்ணே, நாங்க முட்டையை நேரா மாவுலதான் உடைச்சு ஊத்துவோம். இன்னைக்கு என்னவோ, கிண்ணத்துல உடைச்சேன்." பேக்கரிக்காரம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். "இனிமே முட்டை வேண்டாம்ணே. வெச்சதையும் எடுத்துக்குங்க."

கிரீம் வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, கிண்ணத்தில் இருந்ததை அதில் ஊற்றி, மூடியை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். "இதையும் கொண்டு போயிடுங்க. உங்க வீட்டுதுதானே."

முட்டை அட்டைகளை அவரே சுமந்து வண்டியில் ஏற்றினார். வண்டியின் பக்கவாட்டில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது: 'மருந்து தொடாத கோழி! கவலை தெரியாத முட்டை!' அந்த வாசகம் அவருக்குக் குளியலறையில் உதித்தது. மறந்துவிடப் போகிறதே என்று சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். "முட்டைக்கு என்னங்க கவலை?" என்று மட்டும்தான் அவள் கேட்டாள். ரசனையில்லாத குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். இன்றைக்கு வண்டி ஓட்டும்போது, கேள்வி சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று பட்டது.

மாமனாரின் பண்ணைக்கு வருவதற்கு முன் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் இல்லாத கிருமிகளையெல்லாம் பார்ப்பவர் கண்முன் நெளியவிடும் வாய் அவருக்கு. வீட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வடிகட்டி வாங்குவார்கள். அப்படிப்பட்டவர், கிண்ணத்துக்குள் நிஜமாகவே நெளிந்ததை நார் என்று சாதித்திருக்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறார்கள். அந்த வாய்க்குக் கண்ணும் இருக்க வேண்டும் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

மாமனார் அதிகம் பேசாதவர். நீள நீளமான ஷெட்டுகளில், அடுக்கடுக்கான கம்பிக் கூண்டுகளில் முட்டைக் கோழி வளர்த்தே இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார். மூத்தவள் பண்ணையிலேயே முட்டை பிரிக்கும் அறையைப் பார்த்துக்கொண்டாள். அவளைத்தான் இவர் கட்டினார். இளையவள் கால்நடை மருத்துவர். பண்ணை ஆட்களிலிருந்து தீவன லாரி ஓட்டுபவர் வரை எல்லாருக்கும் இவர் 'மாப்பிள்ளை'தான்.

பண்ணைக்கு வந்த புதிதில் ஒரு நாள், கூண்டிலிருந்து தப்பிய கோழி ஒன்று ஷெட்டுக்கு வெளியே கொட்டிக்கிடந்த மணலில் விழுந்து புரள்வதைப் பார்த்தார். இறக்கைக்குள் மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, காலை நீட்டி, அப்படி ஒரு சுகம். பிறந்ததிலிருந்து கம்பிமேல் நின்ற கோழி அது. மண் என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மாப்பிள்ளை அரை மணி நேரம் அங்கேயே நின்று அதைப் பார்த்தார். இதில் பொய் எதுவும் இல்லை. பிற்பாடு அவர் அடித்த கூத்துகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்தாலும், அந்த அரை மணி நேரம் உண்மை.

அதற்குப் பிறகு மாமனாரை அவர் விடவில்லை. சாப்பிடும்போது, வண்டியில் போகும்போது, தீவன மூட்டை இறக்கும்போது என்று பேசிப் பேசியே கரைத்தார். கடைசியில், காது வலித்ததாலோ என்னவோ, "ஒரு ஷெட்டை எடுத்துக்குங்க மாப்ள" என்றார் மாமனார்.

கூண்டுகளைக் கழற்றித் தரையில் மரத்தூள் பரப்பினார்கள். பக்கவாட்டில் கதவு திறந்து, வலைவேலி போட்ட புல்வெளி வைத்தார்கள். கோழிகளை இறக்குவதற்கு முந்தின நாள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைத்துனி சொன்னாள்.

"அத்தான், கூண்டுல எச்சம் கீழ விழுந்துடும். அதுக்கும் கோழிக்கும் அப்புறம் சம்பந்தமே இல்ல. தரையில விட்டா தான் போட்டதைத் தானே கிளறும், கொத்தும். குடல்புழு வரும். வராம இருக்காது. அப்பப்போ எச்சத்தை எடுத்து எங்கிட்ட குடுங்க, பார்த்துச் சொல்றேன்."

"உங்க அக்கா சமையலைச் சாப்பிடுற நேரத்துலதான் இதெல்லாம் பேசணுமா?" என்றார் மாப்பிள்ளை. பிறகு கையை உயர்த்தி, "டாக்டரம்மா, சந்தோஷமா இருக்கிற கோழிக்குப் புழு ஏன் வரப்போகுது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனியும் சிரித்தாள். ஒப்புக்கொண்டு சிரிப்பது வேறு, இவரிடம் பேசிப் பயனில்லை என்று சிரிப்பது வேறு என்பது அவருக்கு அப்போது பிடிபடவில்லை.

கோழிகள் தரைக்கு வந்ததும் அவர் ஆளே மாறிப்போனார். பெரிய விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கினார். தினமும் காலையில் தொப்பியோடு கோழிகளுக்கு நடுவே நின்று போனில் வீடியோ எடுத்தார். கை நிறையச் சோளத்தை அள்ளி மரத்தூள்மேல் வீசுவார். கோழிகள் பாய்ந்து கிளறும். பார்க்க அழகாக இருக்கும். புல்வெளி நடுவே ஒரு சின்னக் குட்டை வெட்டித் தண்ணீர் நிரப்பினார். கோழிக்குக் குட்டை எதற்கு என்று கேட்ட பண்ணையாளிடம், "மன அமைதிக்கு" என்றார். கோழி எதுவும் அந்தக் குட்டையில் இறங்கவில்லை. சுற்றியிருந்த மண்தான் எந்நேரமும் சொதசொதவென்று ஈரமாகக் கிடந்தது. வீடியோவில் மட்டும் குட்டை அருமையாக வந்தது.

கோடை முடிந்து மழை தொடங்கியபோது கொண்டைகள் வெளுக்க ஆரம்பித்தன. மஞ்சள் கரு மஞ்சளாக இல்லாமல், நீர் கலந்த எலுமிச்சைச் சாறு போலத் தெரிந்தது. நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியது. தீவனம் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் காலியாயிற்று. முட்டையோ குறைந்துகொண்டே வந்தது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். மாப்பிள்ளை முதலில் தீவன ஆலைக்காரரோடு சண்டை போட்டார். அடுத்து மழைமேல் பழி. பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கிறது, கோழிகளுக்கு மன உளைச்சல் என்று அந்தத் தோட்டக்காரரிடம் போய் நாயைக் கொஞ்சம் மெதுவாகக் குரைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். கடைசியாக இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு மூட்டை பூண்டை உரித்து அரைத்துத் தீவனத்தில் கலந்தார். ஒரு வாரம் பண்ணையே மணந்தது. கோழிகளுக்குள் இருந்தவையும் நன்றாகச் சாப்பிட்டிருக்கும்.

எல்லாரையும் கேட்டார். ஒருவரைத் தவிர.

டப்பாவோடு வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, அந்த ஒருவரைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. மைத்துனியின் கிளினிக்கில் பூனை வைத்திருந்த ஒரு அம்மாளுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் கதவைச் சாத்திவிட்டு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"நம்ம ஃபிரெண்டு ஒருத்தரு. அவரும் முட்டைப் பண்ணை வெச்சிருக்காரு. அவரோட முட்டையில இது வந்துச்சாம். என்னன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

மைத்துனி மூடியைத் திறந்து பார்த்தாள். சின்னக் குச்சியால் புரட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"உருண்டைப்புழு. குடல்ல இருக்க வேண்டியது. ரொம்ப அதிகமாப் பெருகிட்டா, எப்பவாவது ஒண்ணு கீழ வந்து, முட்டை வர்ற பாதையில மேல ஏறிடும். அது மேல ஓடு கட்டிடும். உங்க ஃபிரெண்டோட கோழிங்க கொண்டை வெளுத்திருக்கா?"

"கொஞ்சம்."

"தீவனம் தின்னும், ஆனா இளைக்குமே?"

"ஆமான்னுதான் சொன்னாரு."

"உங்க ஃபிரெண்டும் பூண்டு அரைச்சுப் போட்டாரா அத்தான்?"

மாப்பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் பூண்டு வாசனை இருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அவருக்கு முன்னால் உள்ளே வந்துபோன பூனைக்குக்கூட இவரைவிடக் கொஞ்சம் விவரம் இருந்திருக்கும்.

"எப்போ வர்றே?" என்றார்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா வர்றேன். இருக்கிறதிலேயே மெலிஞ்ச கோழியா ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு முட்டை வெளிய போகக் கூடாது." அவ்வளவுதான் சொன்னாள். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமனார் போனில் அழைத்தார். வழக்கமாக இரண்டு வார்த்தையில் முடிப்பவர், அன்றைக்கு நான்கு வாக்கியம் பேசினார்.

"மாப்ள, நாளைக்கு நம்ம கோழிப் பண்ணையாளர் சங்கத்துல இருந்து கொஞ்சம் பேர் வர்றாங்க. உங்க ஷெட்டைப் பார்க்கணுமாம். நான்தான் கூப்பிட்டேன். நீங்க பேசுங்க, நீங்க பேசினா நல்லா இருக்கும்."

மாப்பிள்ளை, "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

"அப்பா உங்க வீடியோவையெல்லாம் ஒண்ணு விடாம எல்லாருக்கும் அனுப்புறார், தெரியுமா? தீவனக் கடையில உட்கார்ந்து மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டுறாராம். 'எங்க மாப்ள' 'எங்க மாப்ள'ன்னு ஒரே பெருமை. உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டார்."

இத்தனை நாளாக மாமனார் தன்னை ஒரு வாயாடி என்று நினைக்கிறார் என்றுதான் மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருந்தார். 'எங்க மாப்ள' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராதா என்று ஏங்கியதும் உண்டு. வந்தது, சரியாகப் புழுவோடு சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை, சங்கத்தார் வருவதற்கு வெகுநேரம் முன்பே மைத்துனி வந்துவிட்டாள். ரப்பர் காலணி, கையுறை. அவர் பிடித்து வைத்திருந்த கோழியைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள். "பாவம்" என்றாள். அதன் வேதனையை ஒரு நொடியில் முடித்துவிட்டு, ஷெட்டுக்கு வெளியே போட்டிருந்த மேசையில் அறுத்தாள்.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்ப்பதாகத்தான் இருந்தார். குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் கீறியதும் உள்ளே இருந்தவை வெளியே சரிந்தன. நூடுல்ஸ் பொட்டலத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்ததுபோல வெள்ளை வெள்ளையாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. தீவனம் போகக்கூட அந்தக் குடலில் இடம் இல்லை. மாப்பிள்ளை தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இதுக்குள்ள இவ்வளவு எப்படிம்மா போச்சு?"

"புழு போடுற முட்டை எச்சத்துல வெளிய வருது. கண்ணுக்குத் தெரியாது. ஓடு கெட்டியா இருக்கும், மண்ணுல மாசக்கணக்கா சாகாது. கொஞ்சம் ஈரமும் சூடும் இருந்தாப் போதும், உள்ள குஞ்சு தயாராயிடும். கோழி அதைக் கொத்தி முழுங்கினா திரும்ப முதல்ல இருந்து." அவள் சுற்றிலும் பார்த்தாள். குட்டை. அதைச் சுற்றிய சேறு. கதவோரம் கட்டிதட்டிப் போயிருந்த மரத்தூள். "இந்தக் குட்டை எதுக்கு அத்தான்?"

"மன அமைதிக்கு."

"யாரோட மன அமைதிக்கு?"

அவருக்கு வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, கை நிறையச் சோளத்தை எடுத்து எங்கே வீசினார்? எச்சம் கலந்த மரத்தூள்மேல். ஒவ்வொரு மணியையும் தேடிக் கோழிகள் எதைக் கிளறின, எதைச் சேர்த்து விழுங்கின? புழுவை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து விடவில்லை. அவரே பந்தி வைத்து, பக்கத்தில் நின்று உபசரித்து, அதைப் படமும் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன்கூட அதை வீடியோ எடுத்திருக்க மாட்டான்.

"நான்தாம்மா ஊட்டி விட்டிருக்கேன்" என்றார்.

மைத்துனி அவரைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. "ஊட்டலைன்னாலும் வந்திருக்கும் அத்தான். இவ்வளவு வந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். தரையில விட்டது தப்பில்ல. விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டதுதான் தப்பு."

குடிநீரில் கலக்கும் மருந்தை எடுத்து வைத்தாள். கோழிகளுக்குத் தாகம் எடுக்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு மருந்துத் தண்ணீரைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று நிறையக் குடிக்கும், ஒன்று குடிக்கவே குடிக்காது என்றாள். ஈரத்தூளை வாரி வெளியேற்ற வேண்டும். குட்டையை மூட வேண்டும். "அப்புறம் அந்த மருந்து தொடாத கோழி..." என்று வண்டிப் பக்கம் பார்த்தாள். "அவங்க வர்றதுக்குள்ள இதையெல்லாம் மூடிக் கழுவிடுறேன். நல்லா இருக்கிற கோழிங்க அந்தக் கோடியில நிக்குது. அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு அனுப்பிடுங்க. அப்பாவுக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

நல்ல யோசனை. மாப்பிள்ளை தலையாட்டினார். மேசையில் இருந்த தட்டை ஒரு துணியால் மூடிவைத்தார்கள்.

மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பண்ணைக்கு அவர் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து யாரும் பார்த்ததில்லை. பின்னால் நாலைந்து கார்களில் சங்கத்தார் இறங்கினார்கள். பாதிப் பேர் கூண்டுப் பண்ணைக்காரர்கள். மீதிப் பேர் இவருடைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தரைக்கு மாறியவர்கள். அதைக் கேட்ட மாப்பிள்ளை, முட்டாள்தனத்திலும் தனக்குச் சீடர்கள் சேர்ந்துவிட்டார்களே என்று நினைத்தார்.

"இவர்தான் எங்க மாப்ள" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். பேச்சு மனப்பாடம். கூண்டிலிருந்து தப்பிய கோழி, மணல், பாதி மூடிய கண். நல்ல கோழிகள் நிற்கும் பக்கமாக எல்லாரையும் நடத்திக்கொண்டே பேசினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சங்கத் தலைவர், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட பெரியவர், நின்று கேட்டார்.

"தம்பி, உண்மையிலேயே மருந்தே குடுக்கிறதில்லையா?"

"கிடையவே கிடையாதுங்க" என்றார் மாப்பிள்ளை. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. பிறகு அதே வேகத்தில், அவரைக் கேட்காமலேயே, அந்த வாய் இன்னொன்றும் சொன்னது: "அதனாலதான் குடல் பூராவும் புழுவா இருக்கு."

எங்கோ ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

மைத்துனி கண்ணை இறுக மூடித் திறந்தாள். மாமனாரின் முகம் அசையவில்லை. இனிப் பின்வாங்க இடமில்லை என்று தெரிந்ததும், மாப்பிள்ளைக்கு ஒரு விதமான நிம்மதி வந்தது. எல்லாரையும் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துணியை எடுத்தார்.

"இது எங்க கோழி. காலையில அறுத்துப் பார்த்தோம். கிட்ட வாங்க, பயப்படாதீங்க, கடிக்காது. இது எப்படி வந்துச்சுன்னா, நான் தினமும் தொப்பி போட்டுக்கிட்டுச் சோளம் வீசுவேன் பாருங்க, அதைப் பார்க்காதவங்க இங்க யாராவது இருக்கீங்களா? அந்தச் சோளத்தோட சேர்த்து எச்சத்தையும் ஊட்டியிருக்கேன். அதோ அந்தக் குட்டை தெரியுதா? புழு முட்டை பொரிக்கிறதுக்காக நானே பார்த்துப் பார்த்து வெட்டினது."

முதலில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாரும். மாப்பிள்ளை நாயையும் விடவில்லை. தோட்டக்காரரிடம் போய் நாயை மெதுவாகக் குரைக்கச் சொன்னதைச் சொன்னபோது, தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேக்கரியில் நார் நெளிந்ததையும் சொன்னார். வடிகட்டி விற்ற காலத்தில்கூட அவர் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியபோது ஒன்றைக் கவனித்தார். கூண்டுப் பண்ணைக்காரர்கள்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரைக்கு மாறியவர்கள் ஒவ்வொருவராக நழுவி, மைத்துனியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள்.

"நம்ம ஃபிரெண்டு ஒருத்தரோட பண்ணையில, டாக்டரம்மா..." என்று ஒருவர் தணிந்த குரலில் தொடங்கியது காதில் விழுந்தது.

மைத்துனி இவரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

எல்லாரும் போன பிறகு மாமனார் தன் கூண்டு ஷெட்டுகள் பக்கம் நடந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மாப்பிள்ளை தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொல்லியிருக்கலாம். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த மனிதரைச் சபையில் வைத்து... உண்மை பேசுவதிலும் இவருக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அதிலும் விளம்பரம்.

"போய் என்னன்னு பார்த்துட்டு வாயேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

அவள் போய்விட்டு வந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவமா இருக்காரா?"

"தெரியலை. போனை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். உங்க பழைய வீடியோவை யார் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ, அவங்க எல்லாருக்கும் அந்தப் புழு படத்தை அனுப்பிட்டு இருக்கார். தலைவர் எடுத்த படமாம். ஒருத்தரையும் விட்டுடக் கூடாதுன்னு மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துப் பார்த்து அனுப்புறார்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பசித்தது.

அடுத்து வந்த நாட்களில் அவர் பேசியது குறைவு, வாரியது அதிகம். ஈரத்தூளை வாரி வாரி முதுகு ஒடிந்தது. குட்டையை மூடினார். மருந்துத் தண்ணீர் திறந்த மறுநாள் எச்சத்தோடு புழுக்கள் விழுந்தன. குனிந்து பார்த்துப் பார்த்து அலுத்தார். அந்த நாட்களின் முட்டைகளை மைத்துனி சொன்னபடி குழி தோண்டிப் புதைத்தார். வண்டியில் இருந்த வாசகத்தைத் தின்னர் போட்டு அழிக்கப் போனால், 'மருந்து' மட்டும் போய், 'தொடாத கோழி' என்று நின்றது. வண்டி முழுதும் வெள்ளையடித்தார். பேக்கரிக்காரம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "சரிண்ணே" என்றாள். ஆனால் முட்டை வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து மைத்துனி எச்சத்தைப் பரிசோதித்துவிட்டு, "நல்லாக் குறைஞ்சிருக்கு" என்றாள்.

"போயிடுச்சுன்னு சொல்லேன்."

"போகாது அத்தான். மண்ணுல இருக்கு. அடிக்கடி பார்க்கணும், தேவைப்பட்டா மருந்து குடுக்கணும், புல்வெளியை மாத்தி மாத்தி விடணும். கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

புல்வெளியை மாற்றுவதற்காக வலைவேலியைப் பிடுங்கி ஷெட்டின் மறுபக்கத்தில் நட்டார்கள். மாமனாரும் வந்தார், பழைய சட்டையில். அன்றைய சம்பவத்தைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. இருவருமாகக் கம்பங்களை ஊன்றி வலையை இழுத்துக் கட்டினார்கள். புதுப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தார்கள்.

கோழிகள் கதவு வரைக்கும் வந்தன. கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. பழைய கதவு எங்கே என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தன.

"வாங்கடா, வாங்க. எல்லாம் உங்களுக்குத்தான். புதுப் புல்லு, காஞ்ச மண்ணு, ஒரு பயமும் இல்ல..." மாப்பிள்ளை கையை விரித்துக்கொண்டு ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கோழிகள் இன்னும் இரண்டடி உள்ளே போயின.

"மாப்ள" என்றார் மாமனார். "கொஞ்சம் பேசாம நில்லுங்க. வரும்."

மாப்பிள்ளை வாயை மூடினார். இருவரும் வேலியோரமாக நின்றார்கள். பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காது குடைந்தது, தொண்டை கமறியது, சொல்வதற்கு நல்ல நல்ல விஷயமாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோழி வெளியே காலை வைத்தது. கொண்டையில் சிவப்பு லேசாகத் திரும்பியிருந்தது. மண்ணை ஒருமுறை சுரண்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

மாப்பிள்ளை மாமனார் பக்கம் திரும்பினார். மாமனார் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.